பாத்திரத்திற்கு ஏற்ற வண்ணம்

மாணவச் செல்வங்களே! நீங்கள் வரைந்து தரும் கதைப்பாத்திரங்களை ஆண்டுதோறும் கண்டு மகிழ்கின்றோம். உங்கள் கோடுகள் துணிவோடு அமைந்திருக்கின்றன. ஆயினும், வண்ணம் தீட்டும் வேளையில் பலர் இரண்டு பிழைகளைச் செய்துவிடுகின்றனர். பெட்டியிலுள்ள 12 வண்ணங்களையும் ஒரே உருவத்தில் பூசிவிடுவது ஒன்று. நல்லவர் அனைவருக்கும் வெளிறிய இளஞ்சிவப்பு முகத்தையும், அரக்கனுக்கு மட்டும் கரிய முகத்தையும் கொடுத்துவிடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் நீக்கும் வழியை இங்குக் காண்போம்.

கண்ணால் கண்டதைக் கண்டவாறே வரைவது ஒரு முறை. சிலவற்றை மிகுத்தும் சிலவற்றைக் குறைத்தும், எளிய வடிவங்களால் ஓர் உருவத்தை அமைப்பது மற்றொரு முறை. கேலிச்சித்திரத்திலும் பாவைக்கூத்திலும் நாம் காணும் பெரிய கண், பருத்த வயிறு, நீண்ட கை ஆகியன இவ்வகையின. இத்தகைய உருவத்தின் வண்ணம் உண்மையைப் போல இருத்தல் வேண்டுவதில்லை. அதன் குணத்தைச் சொன்னால் போதும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. கிளந்தான் மாநிலத்தின் ‘வாயாங் கூலிட்’ என்னும் தோற்பாவை நிழற்கூத்து இராமாயணக் கதையை நடித்துக் காட்டுவதாகும். மாட்டுத்தோலில் செதுக்கிய பாவைகளுக்கு ஒளி ஊடுருவும் வண்ணங்களைப் பூசுவர். விளக்கொளியில் அவ்வண்ணங்கள் திரையிலும் தெரியும். அங்கே செரி ராமா பச்சை நிறத்தவர், அனுமன் வெண்ணிறத்தவர். திரையில் தோன்றிய கணமே, வசனம் பேசு முன்பே, யார் வந்தார் என்பதைச் சிறுவரும் அறிந்துகொள்வர். 2013ஆம் ஆண்டில் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்பட மாந்தரையும் நம் நாட்டுக் கலைஞர்கள் இம்மரபில் பாவைகளாக்கி மேடையேற்றினர்.

இனி, செய்முறைக்கு வருவோம். முதலில் வண்ணப் பெட்டியைத் திறவாதீர்கள். பென்சிலால் வெண்மை, இடைச்சாயல், அடர்சாயல் என்னும் 3 நிலைகளை மட்டும் கொண்டு உருவத்தை நிரப்புங்கள். பார்ப்பவர் கண் எங்கே செல்ல வேண்டுமோ, அங்கே வெளிர்மையும் அடர்மையும் அருகருகே அமையட்டும். பிறகு கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். உருவம் அப்பொழுதும் தெளிவாகத் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. கடுஞ்சிவப்புச் சட்டையும் கரும்பச்சைக் கைலியும் தாளில் வேறுபட்டுத் தெரியும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலோ இரண்டும் ஒன்றாகிவிடும். சாயல் வேறுபாடே உருவத்தைக் காப்பது.

அடுத்து, ஒரு முதன்மை வண்ணம், அதற்குத் துணையாக ஒரு வண்ணம், சிறிதளவே பளிச்சிடும் மூன்றாம் வண்ணம் எனத் தேர்ந்துகொள்ளுங்கள். விடியுமுன் பால்மரம் வெட்டும் தாய் ஒருவரை வரைவதாகக் கொள்வோம். காடு முழுதும் கருநீலம். அவருடைய சட்டை மங்கிய பச்சை. தலைவிளக்கின் ஒளி மட்டும் மஞ்சள். குளிர்ந்த நீலத்தின் நடுவே அச்சிறு மஞ்சள் எத்துணை வெம்மையாக ஒளிர்கிறது, பாருங்கள்!

அத்தாயின் முகத்திற்கு எவ்வண்ணம்? ஒரு முறை, தம் தாயை இளஞ்சிவப்பில் தீட்டிய மாணவி ஒருத்தியிடம், “அம்மா இந்த நிறமா?” என்று வினவினோம். “இல்லை, ஆசிரியர். அம்மா அழகாக இருக்கட்டும் என்றுதான்,” என்றாள். அம்மறுமொழி நம்மை வருத்தியது. ‘தோல் நிறம்’ என்று ஒரே பென்சிலுக்குப் பெயரிட்டு, அதனை அவள் கையில் கொடுத்தவர் நாம் அல்லரோ!

சிவப்பையும் மஞ்சளையும் கலந்து, சிறிது நீலம் சேர்த்தால் பழுப்பு பிறக்கும். ஒளி படும் கன்னத்தில் மஞ்சளைக் கூட்டுங்கள். நிழற்பகுதியில் நீலத்தைக் கூட்டுங்கள். அம்முகம் உயிர் பெறும். கருமை தீமையின் அடையாளம் அன்று. நம் முன்னோர் திருமாலைக் கார்முகில் வண்ணன் என்றே போற்றினர். கிளந்தான் கூத்தில் செரி ராமாவின் பணியாளராக வரும் பாக் டோகோல் கன்னங்கரியவர்; நகைப்பூட்டுபவர். ஆயினும், மாறுவேடத்தில் வந்த தேவர் அவர் என்பதால், அப்பாவையைக் கூத்தர் பெரிதும் மதித்துப் போற்றுவர்.

பெற்றோரே! பிள்ளை உங்களை வரைந்து கொண்டுவரும்பொழுது, நிறத்தைப் பார்த்து நகையாடாதீர்கள். அருகில் அமர்ந்து உங்கள் கையை அத்தாளின்மேல் வையுங்கள். அந்நிறத்தை அப்பிள்ளை கலந்து கண்டறியட்டும்.