தொட்டித் தண்ணீர் உறையாத மலையில் பனிக்கால நிவாரணம்

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்துக் கிடக்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் அப்படி நடப்பதில்லை. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியற்காலைத் தொட்டித் தண்ணீர் சில்லிட்டு நிற்கும், உறையாது. அதனால் கோழி, ஆடு வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. லாபம் தெரிந்ததுதான். நஷ்டம் நிவாரண விதிகளுக்குள் இருக்கிறது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிகளில் புயல், வெள்ளம், நிலச்சரிவோடு உறைபனியும் குளிர் அலையும் பேரிடர்களாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினாலே குளிர் அலையா என்று பார்க்கத் தொடங்கலாம். மலைப்பகுதி என்றால் 0 டிகிரிக்கு இறங்க வேண்டும். அதாவது தண்ணீர் உறையும் புள்ளியைத் தொட்டால்தான் மலையில் குளிர் அலை. கல்வராயனில் அந்த அளவு குளிர் வராது. ஆகவே பனியில் விறைத்துச் செத்த குட்டிக்குக் குளிர் அலை என்ற பெயரில் நிவாரணம் கேட்டால் மனு நிற்காது.

கேட்க வேண்டிய இடம் வேறு. இந்த மலையில் கால்நடையைக் கொல்வது பெரும்பாலும் ஈரக்குளிர். வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்து, கொட்டில் தரை சேறாகி, அதன்மேல் வாடைக்காற்று வீசும்போதுதான் இழப்பு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் கள்ளக்குறிச்சியும் அடிபட்டது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவித்த தமிழக அரசு, இறந்த மாடு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய் என்றும் அறிவித்தது. 2022 முதல் 2026 வரையிலான நிவாரண விதிகளிலும் இதே தொகைகள்தான் இருக்கின்றன. வரம்பும் உண்டு. ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு என்றால் மூன்று, ஆடு என்றால் முப்பது, கோழிகளுக்கு மொத்தம் 10,000 ரூபாய்.

நூறு ரூபாய்க்கு இன்று ஒரு நாட்டுக்கோழி எங்கே கிடைக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனாலும் கேட்காமல் விட்டால் அந்த நூறும் வராது. புயல் மழையில் ஆடு செத்தால் உடனே புதைத்துவிடுவது பலருக்கும் வழக்கம், பணம் கைநழுவுவதும் அங்கேதான். முதலில் கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் சொல்லுங்கள். உடலும் கொட்டிலும் தெரியும்படி படம் எடுங்கள். மருத்துவரின் பரிசோதனைச் சான்றைக் கையில் வாங்கிய பிறகு புதையுங்கள். மனுவின் நகலையும் ஒப்புதல் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருக்கிறது, 1100 என்ற முதல்வரின் உதவி எண் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுவின் நிலையைக் கேட்டால் முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

நோயில் செத்த கோழிக்கு இந்த நிதி உதவாது. பனிக்காலத்தில் வெள்ளைக் கழிச்சல் புகுந்துவிட்டால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும், நிவாரணமும் கிடைக்காது. ஆகவே தடுப்பூசிதான் இங்கே காப்பீடு. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் இரண்டு வாரங்களில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமை இலவசமாக நடத்துகிறது. குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி என்பது பொதுவான முறை.

இனி தண்ணீர். கோழி தின்னும் தீவனத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். சில்லிட்ட தண்ணீரைக் கால்நடைகள் குறைவாகக் குடிக்கும், குடி குறைந்தால் தீனி குறையும், பிறகு முட்டையும் பாலும் குறையும். குளிர்நாட்டுப் பண்ணைகளில் இதற்காக மின்சாரத்தில் சூடாகும் தொட்டிகளையே வைக்கிறார்கள். இங்கே அவ்வளவு செலவு வேண்டாம். இரவெல்லாம் பனியில் நின்ற தொட்டித் தண்ணீரைக் காலையில் கொட்டிவிட்டு, கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் குழாயிலிருந்தோ புதிதாக எடுத்து ஊற்றினால் போதும். நிலத்தடி நீர் காலைக் காற்றைவிட வெதுவெதுப்பாகவே வரும். தவிடு கலந்த கழுநீரை இளஞ்சூடாக வைக்கும் பழைய வழக்கமும் நல்லதுதான்.

குஞ்சுகள் விஷயம்தான் நுணுக்கமானது. ஏழைப் பெண்களுக்கு நான்கு வாரக் குஞ்சுகள் நாற்பதை ஐம்பது சதவீத மானியத்தில் அரசு கொடுத்திருக்கிறது. சமவெளியில் நான்கு வாரக் குஞ்சுக்கு விளக்குச் சூடு அநேகமாக வேண்டியதில்லை. மலையில், மழை நாளில், அதே குஞ்சு மூலையில் குவிந்து ஒன்றை ஒன்று நசுக்கிச் சாகும். குஞ்சுக்கு இரண்டு வாட் என்ற கணக்கில் பழைய குண்டு பல்பு போடலாம். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. பல்பு கீற்றிலும் வைக்கோலிலும் படாமல் தொங்க வேண்டும். மூடிய கொட்டிலில் கரி அடுப்பு வைப்பது ஆபத்து, அதன் புகை ஆளையும் கொல்லும். தார்ப்பாயைச் சுற்றிலும் இறுக்கிக் கட்டுவதும் தவறு. எச்சத்தின் காரநெடி உள்ளேயே தங்கி மூச்சுக் கோளாறு வரும். காற்றடிக்கும் பக்கம் சாக்குப் படுதா கட்டி, கூரையோரம் ஒரு முழம் திறந்து விடலாம். ஆடுகளுக்குப் பரண் போட்டால் ஈரத்திலிருந்து பாதித் தொல்லை தீரும்.

ஆடு, மாடுகளுக்குக் காப்பீடு உண்டு. தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி வளர்ப்பவர் பிரீமியத்தில் 15 சதவீதம் கட்டினால் போதும். காப்பீடு செய்த கால்நடையின் காதுவில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும், வில்லை இல்லாத உடலுக்கு இழப்பீடு மறுக்கப்படும். காரணமின்றி மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

வளர்ப்பவருக்கும் கடமை இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராததைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்! இந்தத் தொகை யாரையும் பயமுறுத்தாது. மறுபக்கம், மனிதருக்கே குடிக்கத் தண்ணீர் இல்லாத குக்கிராமத்தில் யாரைக் குற்றம் சொல்வது? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் நீர்நிலைப் பயன்பாட்டையும் சமூக உரிமையாக ஏற்கிறது. அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய இடம் கிராம சபை.

நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். ஊர்தி வரப் பாதை வேண்டுமே என்பது மலைமக்களின் பழைய குறை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலையின் அடிப்படை வசதிகள் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது அதுவும் பேசப்பட்டது. ஜனவரி 26 கிராம சபை பனிக்காலத்தின் நடுவில்தான் கூடுகிறது. கால்நடைக் குடிநீர்த் தொட்டி எந்தக் குக்கிராமத்துக்கு வேண்டும், பிப்ரவரி முகாம் எந்தெந்த ஊருக்கு வர வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள், நகலையும் கேட்டு வாங்குங்கள்.