ஷிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு ழ

இந்தக் கிழமை எபிசோட்டில் இன்சர்ட், ஸ்க்ரோல் லாக் எண்டு ஒருத்தரும் தொடாத கீகளைப் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் ஒண்டு விடுபட்டுப் போச்சு. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான கீ.

நான் இருக்கிறது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். இங்கத்தைய ஜோன் அபொட் ஆங்கிலக் கல்லூரிதான், ஆனாலும் கியூபெக்கில் வாங்கிற கன லாப்டாப்புகள் பிரெஞ்சு எழுத்துகளோடதான் வரும். வலப்பக்க ஷிஃப்டுக்குப் பக்கத்துக் கீயைப் பாருங்கோ. அமெரிக்க கீபோர்டில் அது சாய்கோடு. எங்கட கீபோர்டில், தலையில் கோடு போட்ட 'ஈ'. மொன்றியால், கியூபெக் ரெண்டையும் பிரெஞ்சில் எழுத அது வேணும். 1992-இல் வந்த கனடியத் தரத்தில் சாய்கோடு 1-க்கு இடப்பக்கம் போயிட்டுது. கோட் எழுதிற ஆக்களுக்கு இது பெரிய எரிச்சல்.

அதே கீயைத் தமிழ்99-இல் தட்டினால் ழ.

சென்னையில் 1999 பெப்ரவரியில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிர் 12, மெய் 18, ஒரு புள்ளி: மொத்தம் 31 கீ. ஆங்கில எழுத்து 26 தானே? மிச்சம் அஞ்சையும் ஓரத்தில் சும்மா கிடந்த கீகள் தாங்குது: சதுர அடைப்புகளில் ச, ஞ, அரைப்புள்ளியில் ந, மேற்கோள் குறியில் ய, சாய்கோட்டில் ழ. வலக்கைச் சின்னி விரலுக்கு இப்பதான் உண்மையான வேலை.

அம்மம்மாவுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்புறம். பாவம், அவ ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி வாசிக்கிறா. ஒலியை வைச்சுத் தமிழாக்கிற டூல் இருக்குத்தான், ஆனால் எங்களில கனபேர் ழ, ள ரெண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்லுறம். காதை நம்பி எழுதினால் பழம் பளமாகிடும். தமிழ்99-இல் ல, ள, ழ மூண்டுக்கும் தனித்தனி கீ. எழுத எழுத எந்தச் சொல்லுக்கு எது எண்டு விரலுக்குப் பழகிடும்.

விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழ் 99-ஐச் சேருங்கோ. பிறகு விண்டோஸ் கீயையும் ஸ்பேஸையும் சேர்த்து அமத்தினால் மாறும். கீயில என்ன அச்சடிச்சிருக்கு எண்டு பார்க்காதேங்கோ, இடம்தான் கணக்கு. ஒரே மெய்யை ரெண்டுதரம் தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானா விழும். "சாப்பிட்டீங்களோ" எண்டு அம்மம்மாவுக்கு எழுதிப் பாருங்கோ: ப்பி, ட்டீ ரெண்டுக்கும் புள்ளிக் கீயே தேவையில்லை.