பங்கு வாங்கும் முன் எக்ஸெல்லைக் கேளுங்கள்

மகளின் கல்லூரிச் செலவுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு வங்கிப் பங்கு வாங்க நினைத்தேன். விலை 240 ரூபாய். ஒரு பங்குக்கு ஆண்டு லாபம் 20 ரூபாய். வகுத்தால் 12, இதுதான் பி.இ. விகிதம். என்னிடம் இருந்த வேறொரு வங்கிப் பங்குக்கு இது 18. புதியது மலிவுதான். (வங்கிகளின் கடன் விகிதத்தைப் பார்த்து மிரளாதீர்கள், நாம் போடும் டெபாசிட்டே அவர்களுக்குக் கடன்தான்.)

ஆனால் இரண்டும் சேர்ந்தே விழுமா? எக்ஸெல்லில் பி, சி நெட்டு வரிசைகளில், 2ஆவது வரிசை தொடங்கி, இரண்டின் 61 மாத இறுதி விலைகளை அமைத்தேன். விலைகளை அப்படியே ஒப்பிடக் கூடாது. இரண்டும் ஏறியிருந்தால் உறவு இருப்பதுபோல் ஏமாற்றும். எனவே டி3 செல்லில் =பி3/பி2-1, இ3 செல்லில் =சி3/சி2-1 என டைப் செய்து 62ஆவது வரிசை வரை இழுத்தேன். போனஸ் பங்கு கொடுத்த மாதம் இருந்தால் பழைய விலைகளைச் சரிசெய்துவிடுங்கள். இல்லையேல் பெரிய சரிவாகத் தெரியும்.

பின் காலி செல்லில் =கோரெல்(டி3:டி62,இ3:இ62) தந்து என்டர் தட்டினேன். (ஆங்கிலத்தில் சி, ஓ, இரண்டு ஆர், இ, எல்.) விடை -1க்கும் +1க்கும் இடையில் வரும். எனக்கு வந்தது 0.81. ஒன்று சறுக்கினால் மற்றதும் பெரும்பாலும் சறுக்கும். மலிவு என்ற ஆசை அங்கேயே போய்விட்டது.

ஒரு மருந்து நிறுவனப் பங்குக்கு 0.2தான் வந்தது, பி.இ. 22. பாதிப் பணத்தை அதில் போட்டேன். மீதி டெபாசிட்டிலேயே இருக்கிறது.