ஆறாத புண்

தில்லி மாநகரில் வேம்பு நிழல் தரும் வீதிகள் பல. அவற்றின் வழியே காலையில் உலவச் செல்லும் அன்பர்கள் மரங்களைச் சற்று உற்று நோக்கினால் ஒரு விந்தையைக் காண்பர். என்றோ அறைந்த விளம்பரத் தகட்டின் விளிம்பைப் பட்டை மூடியிருக்கும். துணி உலர்த்தக் கட்டிய கம்பி மரத்தினுள்ளிருந்தே முளைத்தாற் போலத் தோன்றும். "மரம் எதையும் தாங்கும்" என்று எண்ணி நாமும் அப்பால் செல்கிறோம். அவ்வெண்ணம் சரிதானா?

நம் உடலில் காயம் பட்டால், அழிந்த திசுக்களின் இடத்தில் புதியவை தோன்றிப் புண் ஆறுகிறது. மரத்துக்கு அவ்வாறில்லை, சிதைந்த கட்டை சிதைந்ததே. புண்ணைச் சுற்றிச் சுவர் எழுப்புவதொன்றே மரம் செய்யக்கூடியது. இவ்வுண்மையை, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து ஆராய்ந்த அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ 1977-ல் விளக்கினார். மேலும் கீழும் நீர்க்குழாய்களை அடைப்பது ஒரு சுவர். உட்புறம் தடுப்பது ஒன்று. பக்கங்களில் தடுப்பது மற்றொன்று. நான்காவது சுவரே வலியது. காயம் பட்டபின், பட்டைக்கு அடியிலுள்ள வளர்படை அதைப் புதிதாக அமைக்கிறது. அழுகல் பழைய கட்டையைப் பொந்தாக்கினாலும், அச்சுவருக்கு வெளியே வளரும் புதுக்கட்டை பழுதின்றி நிற்கும். பொந்து விழுந்த முதுமரமும் தழைத்து நிற்பதன் காரணம் இதுவே.

மரம் உயர்வது நுனிகளில். அடிமரம் பருக்கவே செய்யும். ஆகவே ஐந்தடி உயரத்தில் அறைந்த ஆணி, ஐம்பது ஆண்டுகள் கழிந்தாலும் ஐந்தடியிலேயே இருக்கும். ஆண்டுதோறும் படியும் புதுக்கட்டை அதனை மூடுமேயன்றி நீக்காது.

கம்பியோ இதனினும் கொடிது. இலைகள் ஆக்கும் உணவு உள்பட்டை வழியே வேருக்கு இறங்குகிறது. மரம் பருக்கப் பருக்க, இறுகிய கம்பி அவ்வழியை நெரிக்கும்; வேர் பட்டினியால் வாடும்; நாளடைவில் மரமே பட்டுப்போகும்.

தில்லி மரங்களிலுள்ள விளம்பரப் பலகைகளையும் மின்கம்பிகளையும் அகற்றுமாறும், அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டுத் தளத்தைப் பெயர்க்குமாறும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் ஆணையிட்டது. ஆயினும் ஆணைகள் மட்டும் போதா. சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்தின் வரவேற்புப் பதாகையையும் வாயில் வேம்பில் ஆணியடித்தே மாட்டினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கட்டைக்குள் புதைந்துவிட்ட ஆணியைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம், அது புதுக்காயமாகும். இன்னும் புதையாத கம்பியை இன்றே அவிழ்த்து விடலாம். கன்றைக் காக்க வைத்த இரும்புக் கூண்டையும் அடிமரம் தொடுமுன் நீக்கிவிட வேண்டும். வரும் பொங்கலுக்கு நம் பதாகையைத் தாங்க இரண்டு மூங்கில் கழிகள் போதும்.