இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஒரு கையெழுத்து

உங்கள் வீட்டுச் செல்போன் சார்ஜரைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்துகளுக்கிடையே 'சி.இ.' என்று இரண்டு எழுத்துகள் தெரிகின்றனவா? ஓக்லாவிலும் நொய்டாவிலும் ஏற்றுமதிக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இவை நன்கு பழகியவை. ஆனால் இந்த முத்திரையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பலரும், "ஐரோப்பிய சர்க்கார்" என்றுதான் சொல்வார்கள். அதுதான் இல்லை!

ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டுமானால் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் மானக் பவனைத் தலைமையகமாகக் கொண்ட இந்திய தர நிர்ணய அமைவனத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். 'சி.இ.' விஷயம் வேறு. பெரும்பாலான மின்னணுச் சாமான்களுக்குத் தயாரிப்பாளரே, "சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரையைப் பதித்துக்கொள்ளலாம். உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுலபம் என்று தோன்றுகிறதல்லவா? சிக்கலே அங்கேதான்.

காகிதம் பேச வேண்டும்

அந்தக் கையெழுத்துக்கு ஆதாரமாக ஒரு கோப்பு இருக்க வேண்டும். வரைபடம், உதிரிபாகப் பட்டியல், சோதனை அறிக்கை எல்லாம் அதில் அடங்கும். பத்து ஆண்டுகள் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். 50 முதல் 1,000 வோல்ட் வரை ஏ.சி. மின்சாரத்தில் இயங்கும் சாமான், தொட்டால் ஷாக் அடிக்காது என்று காட்ட வேண்டும். மிக்ஸி ஓடினால் பக்கத்து வீட்டு ரேடியோ கரகரக்குமே, அத்தகைய தொந்தரவு தராது என்றும் காட்ட வேண்டும். சோதனைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. மத்திய சர்க்காரின் எஸ்.டி.க்யூ.சி. இயக்ககத்தின் வடமண்டலச் சோதனைக்கூடம் ஓக்லாவிலேயே இருக்கிறது.

2006 ஜூலை 1 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. ஈயம், பாதரசம், காட்மியம் உள்ளிட்ட ஆறு பொருள்களுக்குக் கட்டுப்பாடு. ஈயம் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் போகக் கூடாது. காட்மியத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான். இதை முழுச் சாமானின் எடையில் கணக்கிட முடியாது. ஒயரின் மேலுறை, ஸ்குரூவின் பூச்சு என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒரு ஸ்குரூ தவறினால் மொத்தச் சரக்கும் தவறியதுதான்.

183 டிகிரியில் உருகிய பழைய ஈயப் பற்றவைப்பு போய், 217 டிகிரி சூடு கேட்கும் வெள்ளீயக் கலவை வந்தது. 2019 ஜூலை 22 முதல் பிளாஸ்டிக்கை இளக்கும் நான்கு ரசாயனங்களும் சேர்ந்து பட்டியல் பத்தாகிவிட்டது. போன ஆண்டுக் கோப்பையே இந்த ஆண்டும் நீட்டினால் போதாது.

குமாஸ்தாவின் பங்கு

"இதெல்லாம் இன்ஜினீயர் சமாசாரம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். உதிரிபாகம் தந்தவரின் சான்றிதழைக் கோப்பில் சேர்ப்பது யார்? சோதித்தது எந்த மாடல், அனுப்புவது எந்த மாடல் என்று ஒத்துப்பார்ப்பது யார்? குமாஸ்தாதானே! அவசரத்தில் பழைய அறிக்கையில் மாடல் எண்ணை மட்டும் மாற்றி டைப் அடிக்கச் சொன்னால், அங்கே நின்று ஒரு கேள்வி கேட்பது கம்பெனிக்குச் செய்யும் துரோகமல்ல, உபகாரம். ஐரோப்பிய அதிகாரிகள் கோப்பைக் கேட்டு வாங்குவார்கள். ஆபத்தான சாமான்களின் பட்டியலை வாராவாரம் வெளியிடுகிறார்கள். அதில் பெயர் ஏறினால் திரும்பி வருவது சரக்கு மட்டுமல்ல, பலருடைய வேலையும் சேர்ந்துதான் ஆட்டம் காணும்.

சீலம்பூர் சொல்லும் பாடம்

ஈயத்தின் மேல் ஐரோப்பாவுக்கு ஏன் இத்தனை கோபம்? சாமான் மேஜை மேல் இருக்கும் வரை ஈயம் சும்மா கிடக்கும். உடைத்து எரிக்கும்போதுதான் விஷமாகிறது. யமுனைக்கு அக்கரையில் சீலம்பூருக்குப் போனால் இது விளங்கும். பழைய கம்ப்யூட்டர்களை உடைத்துத் தாமிரம் பிரிப்பதே அங்கே பலருக்குப் பிழைப்பு. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். நம் நாட்டிலும் 2012 மே 1-இல் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளில் அதே ஆறு பொருள்கள் இடம்பெற்றன.

ஆகவே நண்பர்களே, கோப்பில் ஒரு தாள் குறைந்தால், "யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று விட்டுவிடாதீர்கள். ஐரோப்பாக்காரன் பார்க்காவிட்டாலும், என்றோ ஒரு நாள் அந்தச் சாமானை வெறுங்கையால் உடைக்கப்போகிறவன் ஒருவன் இருக்கிறான்.