தாய்மை: எதிர்பார்ப்பும் மனச்சோர்வும்

குழந்தை பிறந்த வீட்டில் எல்லோரும் மகிழ்ந்திருக்க, தாய் மட்டும் காரணமின்றிக் கண்கலங்குவதுண்டு. பேறு முடிந்த சில நாட்களில் பெண்கள் பலருக்கு இக்கலக்கம் தோன்றும். ஹார்மோன்களின் திடீர் மாற்றமும் உறக்கக் குறைவும் இதற்குக் காரணங்கள். பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானே தணிந்துவிடும். அவ்வாறு தணியாமல் துயரம், எதிலும் நாட்டமின்மை, குற்றவுணர்வு, குழந்தை உறங்கும்போதும் உறங்க இயலாமை ஆகியவை நீடித்தால், அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இது மருத்துவம் தேவைப்படும் நோய். பொறுப்பின்மையோ குணக்குறையோ அன்று.

கோவாவில் நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஆய்வொன்று, பேறு முடிந்து ஆறு முதல் எட்டு வாரங்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டுத் தாய்மார்களிடம் இந்நோயைக் கண்டது. வறுமை, கணவருடனான கசப்பு ஆகியவற்றோடு, ஆண் மகவை எதிர்பார்த்த குடும்பத்தில் பெண் மகவு பிறந்ததும் நோய்க்கு வழிவகுத்ததாக அது தெரிவித்தது. பிறர் எதிர்பார்ப்பு நிறைவேறாமைக்குத் தாய் விலை கொடுக்கிறாள் என்பதே இதன் பொருள்.

தாய் தனக்குத்தானே வகுத்துக்கொள்ளும் எதிர்பார்ப்புகளும் உண்டு. ‘குழந்தையைக் கண்டதும் பாசம் பெருக வேண்டும், பால் தானே சுரக்க வேண்டும், நல்ல தாய் சலிப்படைய மாட்டாள்’ என்பன அவற்றுட் சில. உண்மை நிலை வேறு. பாசம் பலருக்குச் சிறுகச் சிறுகவே வளர்கிறது. பாலூட்டுதல் தாயும் சேயும் சேர்ந்து பழகவேண்டிய ஒன்று. பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். எனவே சோர்வு இயல்பானதே.

குழந்தை அழுகிறது என்று கொள்வோம். ‘பசிக்கிறது போலும்’ என ஒரு தாய் எண்ணுகிறாள். ‘எனக்குத் தாயாகும் தகுதியில்லை’ என மற்றொருத்தி எண்ணுகிறாள். நிகழ்ச்சி ஒன்றே, விளைவு வேறு. இரண்டாமவள் பிறரிடம் பேசத் தயங்குகிறாள், உதவி கேட்க நாணுகிறாள், தனிமை மிகுகிறது, அத்தனிமையே முன்னைய எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. மனச்சோர்வு வந்தபின் இத்தகைய எண்ணங்கள் பெருகுவதும் உண்டு. ஆகவே எண்ணம் மட்டுமே நோய்க்குக் காரணம் எனத் தாயைக் குறைகூறுவது பிழை. முன்பே மனச்சோர்வு கண்டவர்களுக்கும், இல்லத்தில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் இதன் அபாயம் கூடுதல்.

இந்தச் சுழலை முறிக்க இயலும். பாகிஸ்தானின் சிற்றூர்களில் 903 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று, தாயின் எதிர்மறை எண்ணங்களை அடையாளங்கண்டு மாற்றிக்கொள்ளத் துணைபுரிந்தனர். ஆறு மாதங்களுக்குப் பின் அவர்களுள் 23 விழுக்காட்டினரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. இப்பயிற்சி பெறாதோரிடம் அது 53 விழுக்காடாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இம்முறையைக் கையேடாகவும் வெளியிட்டுள்ளது.

குடும்பத்தார் செய்யக்கூடியவை எளியவை. தாய் தொடர்ந்து சில மணிநேரம் உறங்க வழிசெய்யுங்கள். குழந்தையின் எடையையும் நிறத்தையும் பிற குழந்தைகளோடு ஒப்பிடாதீர்கள். ‘குழந்தை எப்படி இருக்கிறது?’ என்பதோடு ‘நீ எப்படி இருக்கிறாய்?’ என்றும் கேளுங்கள். விடையைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் துயரம் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். 1987இல் உருவான எடின்பரோ அளவீடு பத்துக் கேள்விகளால் கடந்த ஏழு நாட்களின் மனநிலையை அறிய உதவுகிறது. தாய்ப்பாலூட்டும்போதும் உட்கொள்ளத்தக்க மருந்துகள் உள்ளன. அவற்றை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தனக்கோ குழந்தைக்கோ தீங்கிழைக்கும் எண்ணமும், இல்லாத குரல் கேட்பதும், கடுங்குழப்பமும் தோன்றினால் தாயைத் தனித்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

செலவை எண்ணித் தயங்குவோரும் உளர். உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளிக்கப்பட வேண்டும் என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. தங்கள் காப்பீட்டுப் பத்திரத்தின் விதிகளைப் பேறுகாலத்துக்கு முன்பே படித்தறிந்து வைப்பது நலம்.