குவளை வெப்ப அச்சில் விளிம்பு மங்குதல்

குவளை வெப்ப அச்சில் விளிம்பு மங்குதல் என்பது, வெப்ப அழுத்தியைக் கொண்டு பீங்கான் குவளையில் படத்தைப் பதிக்கும்போது, படத்தின் நடுப்பகுதி தெளிவாகவும் ஓரங்கள் வெளிறியும் அமையும் குறைபாடு ஆகும். ஒருமுறை பதிந்த படத்தின் மீது மற்றொரு தாளைப் பிசகின்றிப் பொருத்தி மீண்டும் அச்சிடுவது மிகக் கடினம். எனவே குறையுள்ள குவளை பெரும்பாலும் கழிவாகிவிடுகிறது.

அச்சிடும் முறை

படம் முதலில் இடவலம் மாற்றி, சிறப்பு மையால் தாளில் அச்சிடப்படுகிறது. இத்தாள் வெப்பம் தாங்கும் ஒட்டுநாடாவால் குவளையைச் சுற்றி ஒட்டப்பட்டு, ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியசு வெப்பநிலையில் சில நிமிடங்கள் அழுத்தப்படுகிறது. மையிலுள்ள சாயம் திண்ம நிலையிலிருந்து நேரடியாக வளிமமாக மாறுகிறது. இது பதங்கமாதல் எனப்படும். அவ்வளிமம் குவளையின் மேலுள்ள பாலியெசுட்டர் பூச்சினுள் புகுந்து, குளிர்ந்தபின் அங்கேயே தங்குகிறது. பூச்சில்லாத பீங்கானில் சாயம் நிலைக்காது.

காரணங்கள்

* வெப்பக் குறைவு: அழுத்தியின் சூடேற்றும் பட்டை ஓரங்களில் வெப்பத்தை எளிதில் இழக்கிறது. குவளையின் கனமான அடிப்பகுதியும் வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது.
* அழுத்தக் குறைவு: கைப்பிடியின் அருகிலும், வாய், அடி ஆகியவற்றின் வளைவுகளிலும் பட்டை முழுமையாகப் படிவதில்லை. அவ்விடைவெளியில் வளிமம் பரவுவதால் படம் கலங்கலாகிறது.
* பூச்சுக் குறைவு: சில குவளைகளில் பூச்சு விளிம்புவரை சீராக இருப்பதில்லை.

கண்டறிதல்

பயன்படுத்திய தாளை முதலில் நோக்க வேண்டும். மங்கிய பகுதிக்கு நேரான இடத்தில் தாளில் மை அடர்த்தியாக எஞ்சியிருந்தால், வெப்பமோ அழுத்தமோ போதவில்லை எனலாம். தாளும் வெளிறி, குவளையும் வெளிறியிருந்தால், சாயம் வெளியேறியும் குவளை அதனை ஏற்கவில்லை என்பது பொருள். அப்போது பூச்சையோ இடைவெளியையோ ஐயுற வேண்டும்.

அடுத்து, அதே வகைக் குவளையொன்றை அழுத்தியில் தலைகீழாக வைத்து அச்சிடலாம். மங்கல் குவளையின் மறுமுனைக்கு மாறினால் குறை அழுத்தியில் உள்ளது. மாறாவிடில் குறை குவளையில் உள்ளது.

தீர்வுகள்

வெப்பநிலையை மட்டும் உயர்த்துவது பலரும் செய்யும் பிழையாகும். ஓரம் தெளியும் முன்பே நடுப்பகுதியின் நிறங்கள் திரிந்துவிடக்கூடும். மாறாக, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல், தாளை இறுக ஒட்டுதல், தேய்ந்த பட்டையை மாற்றுதல் ஆகியவை பயன்தரும். கைப்பிடியிலிருந்தும் விளிம்புகளிலிருந்தும் சில மில்லிமீட்டர் விலகிப் படத்தை அமைப்பதும் நன்று. கைப்பிடிவரை நீளும் படங்களுக்கு, குவளையை இறுக்கிப் பிடிக்கும் உறையால் சுற்றி வெப்பக்காற்று அடுப்பில் சூடாக்கும் முறை ஏற்றது. இதில் வெப்பம் எல்லாப் பக்கங்களிலும் ஏறத்தாழச் சமமாகக் கிடைக்கிறது.